செவலைப் பயறு

செவலையா கறுப்பா என்று காரை நிறுத்தும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் நாயகி கடைக்குள் வந்தாள். கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய சீரக வாசனையில் அந்த முடிவு எங்கோ கழன்று விழுந்துவிட்டது. ஆவுடையப்பனின் சக்கர நாற்காலியை ஜன்னலோர மேசைக்குத் தள்ளிக்கொண்டுபோய், பிரேக்கை அழுத்தி, சரிந்து தொங்கிய அவர் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, கடைவாயைத் துடைத்து, நெற்றி விபூதி கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இங்கனயே இருங்க அத்தான், நான் போயி வாங்கிட்டு வந்திருதேன்" என்றாள். எங்கே போய்விடப் போகிறார். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, இது அவர் அவளிடம் சொல்லுகிற பேச்சல்லவா, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருவது அவள் வேலை, வரிசையில் நிற்பது அவர் வேலை, இந்த ஏற்பாட்டை இரண்டு பேரில் யாரும் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் பாதி ஏற்பாடு அப்படித்தான் நடக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம், வரிசை, சல்சா என்கிற தக்காளிச் சட்னிக் கிண்ணங்கள் இருக்கும் மேடை வரைக்கும் நீண்டிருந்தது. முன்னால் பெயின்ட் தெறித்த கால்சட்டையோடு இரண்டு ஆட்கள், அவர்களுக்கு முன்னால் குழந்தையை இடுப்பில் இடுக்கிய ஒருத்தி, அதற்கும் முன்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டும் கல்லூரிப் பிள்ளைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆவி பறக்க இரண்டு பெரிய பாத்திரங்கள். ஒன்றில் செவலை, ஒன்றில் கறுப்பு. கடைக்காரர்கள் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பயற்றுக்கு மாட்டுப் பெயர் வைத்தவர் ஆவுடையப்பன். கடைக்குக் கிளிக்கடை என்று பெயர் வைத்தவரும் அவர்தான், சுவரில் வாலை நீட்டி ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்திருப்பதால். வாசலில் எழுதியிருக்கும் நிஜப்பெயர் இத்தனை காலத்தில் நாயகியின் வாயில் ஒருதடவைகூட வந்ததில்லை. செவலை, பன்றிக் கொழுப்பு விட்டு மசித்த பயறு. கறுப்பு, கொழுப்பு சேராமல் முழுசாக வேகவைத்தது. ஆவுடையப்பன் சுத்த சைவம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள், அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள், ஆனாலும் யோசனை நின்றபாடில்லை.

திங்கட்கிழமை என்றால் இனி அவளுக்கு ஒரே அர்த்தம்தான். அதற்குள் அவர் வாயால் சாப்பிடத் தொடங்காவிட்டால் வயிற்றில் துளைபோட்டு டியூப் வைத்துவிடலாம் என்று அந்தச் சின்ன வயது டாக்டர் சொல்லியிருந்தாள், ரொம்ப மரியாதையாக, நாயகியின் முழங்கையைத் தொட்டபடி. பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் பேச்சையும் ஒன்றாக வாரிக்கொண்டு போனதிலிருந்து அவர் உடம்பு சட்டைக்குள்ளேயே கரைந்துகொண்டு வருகிறது. விழுங்கத் தெரிகிறது, தொண்டையில் கோளாறில்லை, நன்றாக மசித்துக் கொடுத்தால் போதும், வாயைத்தான் திறக்கமாட்டேன் என்கிறார் என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். அவருக்கு எது உயிரோ அதைக் கொடுத்துப் பாருங்களேன் என்றாள். நாயகி என்னத்தைத்தான் கொடுக்கவில்லை. குழையக் குழைய ரசஞ்சோறு, பாலில் ஊறவைத்த இட்லி, உளுந்தங்களி, தேங்காய்ப்பால் எடுத்து இஞ்சி தட்டிப்போட்ட சொதி. ஸ்பூன் உதட்டருகே வரும்வரை பார்ப்பார், வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார், பெண்பார்க்க வந்தவனைப் பிடிக்காத பெண்ணைப்போல. மருத்துவமனையில் பக்கத்து அறையில் ஒருவர் இருந்தார், அவருக்கு டியூப் வைத்திருந்தார்கள், தலைமாட்டில் ஒரு பை தொங்கும், ஒரு மெஷின் முனகும், அவர் டிவியில் குதிரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதியச் சாப்பாடு முடிந்துவிடும், அவருக்கே தெரியாமல். அந்த முனகல் நாயகிக்குக் கனவில்கூட வருகிறது. ஒருதடவை வயிற்றுக்கு நேர்வழி போட்டுவிட்டால் அப்புறம் நாக்கு எதற்கு, வாய் எதற்கு, அவள் எதற்கு. மகள் உலகம்மை பாஸ்டனிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள், டியூப் வைத்தால் தப்பில்லை, முதலில் தெம்பு வரட்டும் என்கிறாள், அவள் சொல்வதும் நியாயம்தான். நேற்று கிளிக்கடை யோசனையைச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம், அப்படியானால் அந்தப் பழைய பயற்றையே கொடு, அதுதானே அப்பாவுக்குப் பிடித்தது என்றாள். அதில் கொழுப்பு இருக்கே என்று இவள் இழுத்தாள். அப்போதுதான் மகள் கேட்டாள், "அப்பாவுக்கு இப்ப என்னம்மா தெரியப்போவுது?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நாரைப்போல நேற்றிலிருந்து நாயகியை விடமாட்டேன் என்கிறது. என்ன தெரியப்போகிறது.

வரிசை ஓரடி நகர்ந்தது. பெயின்ட்காரர்களில் ஒருவன் திரும்பி அவளைப் பார்த்துச் சும்மா சிரித்தான், அவளும் சிரித்தாள். உள்ளே யாரோ எலுமிச்சையை நறுக்குகிறார்கள் போலிருக்கிறது, அந்த வாசனை வந்ததும் வாயில் நீர் ஊறியது, முதன்முதலில் இங்கே வந்த அன்றும் இப்படித்தான் ஊறியது. அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. திருநெல்வேலியிலிருந்து இந்த நாட்டில் வந்து இறங்கிய புதிது, வயிற்றில் உலகம்மை, எதைத் தின்றாலும் குமட்டல். ரொட்டியும் ஜாமும், ஜாமும் ரொட்டியும், அதுவும் நிற்காது. ஆவுடையப்பன் ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பார், குப்பைக்கூடையைப் பார்ப்பார், டையைக் கழற்றுவார். கூட வேலை பார்த்த ரமீரெஸ் என்பவர்தான் இந்தக் கடையைச் சொன்னது, எங்கள் ஊர்ச் சாப்பாடு உங்கள் ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கும், போய்ப் பாருங்கள் என்று. நனைந்துகொண்டே உள்ளே வந்தார்கள். சீரகம், கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய், எலுமிச்சை. வேறொன்றும் வேண்டாம், அந்த நாலு வாசனை போதும், அவள் வாசலிலேயே நின்று அழுதுவிட்டாள், கடையே திரும்பிப் பார்த்தது, ஆவுடையப்பனுக்கு அவமானம் தாங்கவில்லை, "ஏட்டி, சும்மா இரி, நான் அடிச்சுக் கூட்டிட்டு வந்த மாதிரி பாக்கான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு வரிசையில் நின்று, கல்லாவில் இருந்த பெண்ணிடம் பயற்றைக் காட்டி, இதில் இறைச்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். நிச்சயமாக இல்லையா என்று மறுபடி கேட்டார். இறைச்சி கிடையவே கிடையாது, வெறும் பயறு என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் ஊரில் கொழுப்பு இறைச்சியில் சேர்த்தி இல்லை, எண்ணெயில் சேர்த்தி, தாளிக்கிற சங்கதி. கோழியா ஆடா மீனா முட்டையா என்று தோண்டித் துருவிக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு எதில் வதக்கினாய் என்று கேட்கத் தெரியவில்லை, திருநெல்வேலியிலே அதை யார் கேட்டார்கள், நல்லெண்ணெயா தேங்காயெண்ணெயா என்பதற்குமேல் அங்கே கேள்வியே கிடையாது.

அன்றைக்குத்தான் அவர் அலெக்ஸ் ஆனதும். பெயர் என்ன என்று கல்லாப்பெண் கேட்டிருக்கிறாள், சாப்பாடு தயாரானதும் கூப்பிட வேண்டும் அல்லவா. ஆவுடையப்பன் என்று இவர் கம்பீரமாகச் சொல்ல, அவள் எழுதுவதற்கு எடுத்த பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பின்னால் வரிசை. இவருக்கு முன்னால் நின்ற மெக்கானிக்கின் சட்டைப்பையில் அலெக்ஸ் என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. அவசரத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அலெக்ஸ் என்று கூப்பிட, மெக்கானிக்கும் எழுந்து போனான், இவரும் எழுந்து போனார், இரண்டு அலெக்ஸும் ஒரு தட்டின் முன்னால் நின்று நீங்க எடுத்துக்கொள்ளுங்கள் நீங்க எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாற்றி மாற்றி உபசாரம் செய்ததை நினைத்து நாயகி இப்போது வரிசையில் நின்றபடியே சிரித்துவிட்டாள். அலெக்ஸ் அத்தான். வீட்டில் அவர் முறுக்கிக்கொண்டு திரியும் நாட்களில் அப்படிக் கூப்பிட்டால் போதும், இறங்கி வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் அவர் முழுப்பெயரையும் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள், பாவம், நல்ல பிள்ளைகள், அவர் திரும்பவே இல்லை. அத்தான் என்று இவள் கூப்பிட்டால் கண் வரும். வந்து, இவள் முகத்தில் எதையோ தேடிவிட்டு, கிடைக்காததுபோல நழுவிப் போகும். இப்போதும் ஜன்னல்பக்கம் பார்த்தாள். மேசையில் கிடக்கும் வெயிலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது வெயில் கிடக்கும் திசையில் அவர் முகம் இருந்தது, இரண்டும் ஒன்றல்ல.

அந்தச் செவலைப் பயற்றின் ருசி. அதைச் சொல்ல வேண்டும். மண்நிறத்தில் மெத்தென்று, மேலே லேசாகப் பளபளத்துக்கொண்டு, நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போகிற ருசி, நெய்யும் இல்லை வெண்ணெயும் இல்லை, இன்னதென்று பிடிபடாத ஒரு கொழுமை. அன்று அவள் அவர் தட்டிலிருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள், குமட்டவில்லை. அவர் வெறும் சிப்ஸைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளிக்கடைதான். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, தேவாரம் சொல்லி, பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் ஆபீஸ் போய், மாலையில் வந்து விரதம் முடிப்பது கிளிக்கடையில், செவலைப் பயற்றில். பிரசவத்துக்கு முந்தின நாள்கூட வந்தார்கள். உலகம்மை பிறந்து முதன்முதலாகப் பால் தவிர வேறொன்றைச் சப்பியது இந்த மேசையில்தான், அவர் விரல்நுனியில் தொட்டு வைத்த பயறு. காருக்குள் அதே வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும், சனிக்கிழமை கதவைத் திறந்தால் வெள்ளிக்கிழமை வாசம் வரும். அவர்கள் இருவருக்கும் அந்தக் காலத்தில் யாரும் இல்லை, உறவில்லை, பேச்சுத்துணைக்கு ஆளில்லை, ஆனாலும் இப்போது நினைத்தால் அதைப்போல நிறைந்திருந்த காலம் வேறில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. அந்த நாட்களைத் திருப்பிக் கொடு என்று யாரிடமாவது கேட்க முடியுமானால் கூச்சப்படாமல் கேட்டுவிடுவாள், ஒன்றே ஒன்று போதும், ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை.

கெடுத்தது உலகம்மை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த வயது, கண்ணில் படுகிற பலகையை எல்லாம் உரக்கப் படித்தாக வேண்டும், கழிவறைப் பலகை உட்பட. அன்று கல்லாவுக்கு மேலே புதிதாக ஒன்று தொங்கியது. வாய்க்குள் பயற்றைக் குதப்பிக்கொண்டே படித்தாள், இப்போது கறுப்பு பீன்ஸும் கிடைக்கும், பன்றிக் கொழுப்பு சேர்க்காதது. படித்துவிட்டு, "அப்பா, அப்ப நம்ம பீன்ஸ்ல சேத்திருக்கா?" என்று கேட்டாள். குழந்தைகள் எதையும் கேட்டுவிட்டு அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்துகொள்ளும், அப்படித் திறந்துகொண்டாள். ஆவுடையப்பனின் வாய் நிறைய இருந்தது. அந்தக் கணத்தை நாயகி எப்போது நினைத்தாலும் மற்றது எல்லாம் மறைந்து அவர் கழுத்து மட்டும்தான் தெரிகிறது. துப்புவாரா, விழுங்குவாரா. சுற்றிலும் ஆட்கள் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் சோற்றின் முன்னால் துப்புவதா. அவர் தொண்டை மேலே ஏறி ஒரு நொடி நின்று கீழே இறங்கியது. விழுங்கிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, கிளம்பலாம் என்றார். வீட்டுக்கு வந்து சட்டையோடே ஷவருக்குக் கீழே போய் நின்றார், நெற்றி, மார்பு, கை எல்லாம் விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு சுவாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார், மறுநாள் முழுக்கப் பட்டினி. அவளும் தலைக்குக் குளித்தாள்தான், ஆனால் உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பாவம் என்று ஒன்றும் தோன்றவில்லை, வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காப்பாற்றிய சோறு எப்படிப் பாவமாகும், அதை அவரிடம் சொல்லவும் செய்தாள். அவர் விபூதிக் கிண்ணத்தை மூடிவிட்டு, "தெரியாமச் சாப்பிட்டது தெரியாமலே போட்டும் நாயகி. தெரிஞ்சு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இனி கிளிக்கடை அவ்வளவுதான் என்று அவள் மனசுக்குள் தலைமுழுகிவிட்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே வண்டிச்சாவியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், கறுப்பு இருக்கிறதே, வா என்று. வந்தார்கள், கறுப்பு வாங்கினார்கள், முதல் வாய் வைத்தார், மென்றார், ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார், "பழைய ருசி இல்லட்டி" என்றார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் முதல் வாய், ஜன்னல், பழைய ருசி இல்லட்டி. அதற்கடுத்தும். உலகம்மை வளர்ந்து, படித்து, கண்டதையும் தின்னப் பழகி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தலை நரைத்து, ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்தச் சொல் தவறியதில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது, அப்படியானால் ஏன் வருகிறீர்கள் என்று சண்டைகூடப் போட்டிருக்கிறாள், பழைய ருசிக்கு நீங்கள் பழைய ஆளாகப் பிறந்து வர வேண்டும் என்று ஏசியிருக்கிறாள், பிறகு அது கடையின் ரேடியோச் சத்தத்தைப்போலக் காதில் விழாமலே போயிற்று. இன்றைக்கு அந்த ரேடியோவில் யாரோ ஊதுகொம்பை இழுத்து இழுத்து ஊதுகிறார்கள். அந்த ருசியை அவர் மறக்கவில்லை, வேண்டாம் என்று வைத்தார், இரண்டும் வேறு. வேண்டாம் என்று வைத்த மனுஷன் இப்போது எங்கே இருக்கிறார். உள்ளே இருக்கிறாரா, வெளியே போய்விட்டாரா. போய்விட்டார் என்றால் செவலையைக் கொடுப்பதில் குற்றமில்லை, நாக்கு மட்டும்தான் மிச்சம், அதற்குப் பிடித்ததைக் கொடுத்து உடம்பையாவது வைத்துக்கொள்ளலாம். ஆனால் போய்விட்டார் என்று அவளே முடிவு கட்டுவதா. இருக்கிறார் என்றால், இருந்துகொண்டு சொல்ல வாயில்லாமல் கிடக்கிறார் என்றால், அந்த நிலைமையில் அவர் வேண்டாம் என்று வைத்ததை அவர் வாயில் திணிப்பது யார், அவளா. சரி, கறுப்பைக் கொடுத்து அவர் வாயைத் திறக்கவில்லை என்றால். திங்கட்கிழமை. தெரிஞ்சு வேண்டாம் என்றுதானே சொன்னார், இப்போது என்ன தெரியப்போகிறது. மகள் கேட்டதற்குப் பதில் கிடைத்தால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும், அதைத்தான் எங்கே போய்க் கேட்பது. அவரிடமே கேட்கலாம், கேட்டும் பார்த்தாள், காலையில், தெரியுதா அத்தான் என்று. கண் வந்தது, தேடியது, போனது.

"செனோரா" என்று, அவர்கள் பாஷையில் அம்மா என்று கூப்பிடும் குரல் கேட்டு நிமிர்ந்தாள். முன்னால் யாரும் இல்லை. கல்லாவில் மாரிசோல். அன்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அதே பெண், இப்போது இடுப்பு பெருத்து, கண்ணாடி போட்டு, கடையில் பாதிப் பங்குக்காரி. எங்கே அலெக்ஸ், ரொம்ப நாளாகக் காணோமே, ஊரைவிட்டே போய்விட்டீர்கள் என்று நினைத்தேன் என்று ஆரம்பித்தவள், நாயகியின் பார்வை போன பக்கம் தானும் பார்த்து, சக்கர நாற்காலியைக் கண்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். நாயகி சுருக்கமாகச் சொன்னாள், கடையில் வைத்து அழக்கூடாது என்று வீட்டிலேயே தீர்மானம், அந்தத் தீர்மானமாவது நிற்கட்டும். மாரிசோல் கவுண்டருக்கு மேலே கையை நீட்டி இவள் கையை ஒருதடவை இறுக்கிப் பிடித்துவிட்டு, வழக்கம்போலக் கறுப்புதானே என்றாள். இல்லை, அது என்று சொல்லிவிட்டாள் நாயகி, செவலையை விரலால் காட்டி. சொன்னது அவள் வாய்தான், சொல்வதற்கு முந்தின நொடிவரை அவளுக்கே தெரியாது. மாரிசோலின் புருவம் கொஞ்சம் ஏறியது, தானே கரண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பாத்திரத்துக்குப் போனாள். கரண்டி உள்ளே இறங்குகிறபோது மேலே படர்ந்திருந்த பளபளப்பு மடிந்து விலகியது, வாசனை எழும்பி வந்தது, அந்த மழைக்கால வாசனை, நாயகி கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி அவரைப் பார்த்தாள். ஜன்னல் வெயில் இப்போது மேசையிலிருந்து ஏறி அவர் முகத்துக்கு வந்திருந்தது, காலையில் இவள் பூசிய விபூதி நெற்றியில் பளிச்சென்று இருந்தது. காலையில் என்ன நடந்தது. கஞ்சி ஸ்பூனுக்கு உதட்டை இறுக்கியவர், முகத்தைத் திருப்பியவர், இவள் விபூதிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்ததும் என்ன செய்தார். முகத்தை உயர்த்தி நெற்றியைக் காட்டினார். நேற்றும் காட்டினார். தினமும்தான் காட்டுகிறார், தினமும்தான் இவள் பூசுகிறாள், பூசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள், ஒருநாளாவது அதை என்னவென்று பார்த்தாளா, பாவி மகள். "வேண்டாம் மாரிசோல்" என்றாள், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, "கறுப்பு போடு. கறுப்புதான்." மாரிசோல் கரண்டியைக் கவிழ்த்துவிட்டு, புதிதாக வேறொரு கரண்டி எடுத்தாள், அந்தக் கரண்டி இதில் படக்கூடாது என்று ஆவுடையப்பன் எப்போதோ ஒருதடவை சொன்னதை அவள் மறக்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டுத்தான் தட்டைக் கொடுப்பார்கள். நாயகி போய் அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததுமே பயம் பிடித்துக்கொண்டது, செய்தது சரிதானா, நெற்றியைத் தூக்கியது வெறும் பழக்கமாக இருந்தால், கை பட்டால் கண் மூடுகிறது இல்லையா அந்த மாதிரி உடம்பு தானாகச் செய்கிற வேலையாக இருந்தால், ஒரு பிடி விபூதியை நம்பி மனுஷனைப் பட்டினி போடுகிறாளா. உலகம்மைக்கு என்ன பதில் சொல்வாள். அலெக்ஸ் என்று மாரிசோல் கூப்பிட்டாள், வழக்கத்தைவிட உரக்க, அவருக்காகத்தான். நாயகி அவர் முகத்தையே பார்த்தாள். இமைகூட அசையவில்லை. அலெக்ஸ் என்று மறுபடி. வெயிலில் ஒரு ஈ அவர் சட்டைக்கையில் உட்கார்ந்து பறந்தது, அவர் அதையும் பார்க்கவில்லை. இந்தப் பெயருக்கு அவர் ஒருநாளும் எழுந்திருக்காமல் இருந்ததில்லை. இவளே எழுந்துபோய் வாங்கிக்கொண்டு வந்தாள். தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை, மகள் சொன்னதுதான் சரி என்று ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் இடித்தது, திரும்பிப் போய் அந்தச் செவலையையே வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நின்றாள், பெயின்ட்காரர்கள் வழிவிட்டார்கள், இவள் மேசைக்கே வந்துவிட்டாள்.

கறுப்பு முழுப்பயறு, மசித்துத்தான் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் முள்கரண்டியால் ஒவ்வொன்றாக நசுக்கினாள், தோல் வழுக்கி வழுக்கி ஓடியது, ஒரு முள் ஒடிந்தது, ஸ்பூனின் முதுகால் தேய்த்தாள், எலுமிச்சை பிழிந்து, வெந்நீர் விட்டு, கொத்தமல்லியை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைக்குப் பிசைவதுபோலப் பிசைந்து அரை ஸ்பூன் எடுத்தாள். உதட்டருகே கொண்டுபோனாள். உதடு இறுகியது. தெரிந்ததுதானே. கையை இழுத்துக்கொள்ளவில்லை, அப்படியே பிடித்திருந்தாள், கை வலித்தது, வாசனையாவது போகட்டும் என்று பிடித்திருந்தாள். "அத்தான்" என்றாள். "நம்ம கறுப்புதான். வேற ஒண்ணும் இல்ல." எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ஊதுகொம்புக்காரன் ஊதி முடித்து வேறு யாரோ பாடத் தொடங்கியிருந்தார்கள். உதடு கொஞ்சம் விலகியது. அவள் மூச்சுவிடாமல் ஸ்பூனைச் சாய்த்தாள். வாய் மூடியது, தாடை ஒருபக்கமாக அசைந்தது, மெல்லுகிறார், அல்லது நாக்கு எதையோ தேடுகிறது, வலது கடைவாயில் ஒரு சொட்டுக் கறுப்பாக இறங்கியது, அவள் துடைக்கவில்லை, அவர் கழுத்தையே பார்த்தாள். தொண்டை மேலே ஏறியது. நின்றது. இறங்கியது. அப்புறம் அவர் முகத்தைத் திருப்பினார், ஆனால் சுவர்ப்பக்கம் இல்லை, ஜன்னல்பக்கம். வெளியே கார்களின்மேல் வெயில் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு எதற்கோ முயன்றது, மூச்சு மட்டும் வந்தது, மறுபடி முயன்றது.

"பழைய," என்றார். நாக்கு புரளவில்லை. "பழைய ருசி... இல்லட்டி."

இத்தனை நாள் வராத கண்ணீர், கடையில் வரக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தது, அவளைக் கேட்காமல் வந்துவிட்டது. மாரிசோல் கல்லாவிலிருந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது. ஆவுடையப்பன் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார், கண் வந்தது, வந்த கண் இந்தத் தடவை நகரவில்லை, கடையில் வைத்து அழுகிறாளே என்கிற பழைய எரிச்சல்கூட அதில் கொஞ்சம் இருந்தமாதிரி அவளுக்குப் பட்டது. "ஆமா அத்தான்" என்றாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இல்லதான்." அடுத்த ஸ்பூனை எடுப்பதற்குள் அவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.